மணிக்கட்டுக்கு இரண்டு, வயிற்றுக்கு இரண்டு

டல்லி க்ரீக் கோழி ஆலையில் ஆர்லிஸ் மன்சியின் இடதுகை ஆள்காட்டி விரல் நுனி அறுந்து பெல்ட்டோடு போனபோது, வாசல் பலகையில் 962 என்று இருந்தது. அவனுக்குக் கட்டுப் போட்டு முடித்த பிறகும் 962தான். மறுநாள் காலை ஏழு மணிக்கு 963 ஆனது. ஆர்கன்சாஸ் மாநிலம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் இவ்வளவு பாதுகாப்பான ஆலை கிடைக்காது.

எண்ணுக்கு மேலே ‘பதிவான காயம் ஏதுமின்றிக் கடந்த நாட்கள்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். பதிவாகாத காயத்துக்கு அந்தப் பலகையில் இடம் கிடையாது. அதற்கு வேறு பலகையும் கிடையாது.

ஆர்லிஸைத் தோளில் சாய்த்துக்கொண்டு நலவாழ்வு அறைக்கு அழைத்துப் போனவன் லயல் பிகெட். ஐம்பத்து நான்கு வயது. எலும்பு நீக்கும் வரிசையில் பத்தொன்பது வருஷமாகக் கத்தி பிடிக்கிறவன். நிமிஷத்துக்கு முப்பத்தைந்து கோழிகள் அவன் முன்னால் தலைகீழாகத் தொங்கியபடி வரும். தோள்மூட்டில் ஒரு வெட்டு, மார்பை ஒட்டி ஒரு வெட்டு, ஒரு இழுப்பு. அவ்வளவுதான் வேலை. அதையே நாளைக்குப் பதினைந்தாயிரம் தடவை செய்ய வேண்டும்.

அறையில் நர்ஸ் டார்லீன் ஸ்டப்ஸ் இருந்தாள். அவள் நர்ஸ் இல்லை. இரண்டு நாள் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவள். ஆனாலும் வெள்ளைக் கோட்டு போட்டிருப்பாள். கோட்டு போட்டவளை நர்ஸ் என்று கூப்பிடாமல் வேறெப்படிக் கூப்பிடுவது?

“எலும்பு வெளிய தெரியுது, டார்லீன்,” என்றான் லயல்.

“தெரிஞ்சிட்டுப் போகட்டும். எலும்பு தெரியறதப் பத்தி அரசாங்க விதிப் புத்தகத்துல ஒண்ணும் போடல. தையல் போட்டாத்தான் காயம். கட்டுப் போட்டா முதலுதவி. டாக்டர் சீட்டு எழுதினா காயம். கடையில சும்மா கெடைக்கிற மாத்திரையக் குடுத்தா முதலுதவி. ஆர்லிஸு, வாயத் திற பாப்போம்.”

துரு நிறத்தில் இரண்டு ஐபுபுரோஃபன் மாத்திரைகளை அவன் வாயில் போட்டாள். விரலை நீலப் பட்டியால் சுற்றினாள். பட்டி நீலமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. தப்பித்தவறிக் கோழிக்கறியில் விழுந்தால் பளிச்சென்று தெரிய வேண்டுமே.

அதற்குள் பாதுகாப்பு மேலாளர் ப்ரெண்ட் கோல்டயர்ன் மூச்சு வாங்க ஓடிவந்தார். பாதுகாப்புக் கண்ணாடியை அவர் கழற்றி யாரும் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் அதோடுதான் வருவார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. அதற்குள் விரல் நுனி. எலும்பில்லாத தொடைக்கறித் தட்டில் கிடந்ததாம்.

“தைக்கிறதுக்கா சார்?” என்று கேட்டான் ஆர்லிஸ். அவன் முகம் வெளுத்திருந்தது.

“தைக்கிறதுக்கா? நல்லா இருக்கே. வாடிக்கையாளர் வாய்க்குப் போயிடக் கூடாதுல்ல, அதுக்கு. ஆர்லிஸ், உன்னால லைனு நாப்பது செகண்டு நின்னுடுச்சு. அந்த நாப்பது செகண்டும் அத்தன கோழியும் சும்மா தொங்கிட்டு நின்னுச்சு. அதுங்களுக்காக எனக்கு ரொம்ப வருத்தம். உனக்காகவும் வருத்தம்தான். அது அடுத்தபடியா.”

ஆர்லிஸ் பத்தே நிமிஷத்தில் வரிசைக்குத் திரும்பினான்.

மாத்திரை விஷயத்தில் டார்லீன் ஒரு மேதை. ஒரே நேரத்தில் மூன்று கொடுத்தால் அது டாக்டர் எழுதும் அளவாகி, பலகை பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். இரண்டு கொடுத்தால் முதலுதவி. ஆனால் இரண்டு மாத்திரைக்கு அடங்குகிற வலியோடு அங்கே ஒரு மனிதனும் இல்லை. டார்லீன் யோசித்தாள். உடம்பு ஒன்றுதான், ஆனால் உறுப்புகள் பல. ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனியாக முதலுதவி செய்யக் கூடாது என்று புத்தகத்தில் எங்கேயும் போடவில்லை.

“வலது மணிக்கட்டுக்கு ரெண்டு,” என்று எண்ணி லயலின் உள்ளங்கையில் வைப்பாள். “இடது மணிக்கட்டு வேற ஆளு, அதுக்கு ரெண்டு. தோளுக்கு ரெண்டு. கழுத்து எப்படி?”

“கழுத்தும் இருக்கு.”

“அப்ப கழுத்துக்கு ரெண்டு.”

டார்லீனுக்கு வேலை அதிகமாகிப் போனதால், சாப்பாட்டு அறையில் ஒரு கண்ணாடி ஜாடி இயந்திரமும் வைத்திருந்தார்கள். குழந்தைகளுக்கு மிட்டாய் தரும் இயந்திரம்தான். கைப்பிடியைத் திருகினால் இரண்டு விழும். மூன்று விழாது. தொழிலாளர்கள் அதற்குச் செம்மிட்டாய் என்று பெயர் வைத்திருந்தார்கள். பலகையும் ஜாடியும் ஒரே நாளில்தான் வந்தன. ஜாடியில் மாத்திரையைக் கொட்டியவர்கள் பெட்டிகளைக் குப்பையில் போட்டார்கள். அதனால் பெட்டியில் என்ன எழுதியிருந்தது என்பது யாருக்கும் தெரியாது.

970ஆம் நாள், சங்கிலிக் கொக்கி ஒன்று ஒருவனின் உள்ளங்கையில் ஏறி மறுபக்கம் வந்தது. உருவினால் தையல் போட நேரிடும் என்பதால் கொக்கியோடு சேர்த்துக் கட்டுப் போட்டார்கள். அவன் நான்கு நாள் அப்படியே வேலைக்கு வந்தான். கோழியை மாட்ட வசதியாக இருக்கிறது என்று மேற்பார்வையாளர் மெச்சிக்கொண்டார். 977ஆம் நாள் அம்மோனியா கசிந்து பதினோரு பேர் தரையில் புரண்டு இருமினார்கள். நுரையீரல் இரண்டு என்பதால் ஆளுக்கு நான்கு மாத்திரை கொடுக்கப்பட்டது. பலகையில் எண் ஏறிக்கொண்டே போனது.

ஆயிரமாவது நாள் கொண்டாட்டத்துக்கு அறிவிப்பு ஒட்டினார்கள். ஆளுக்கொரு வெள்ளை ஜெர்கின், முதுகில் தங்க நூலால் 1000. மதியம் மாட்டிறைச்சி, கோழி கிடையாது. எல்லாவற்றையும் விட, ஒரு சனிக்கிழமை விடுமுறை. கடைசியாகச் சனிக்கிழமை வீட்டில் இருந்தது எப்போது என்று யாருக்கும் நினைவில்லை. அந்தச் சனிக்கிழமையை வைத்து முன்னூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள் திட்டம் போட்டன.

988ஆம் நாள் சாப்பாட்டு அறையில் ஆர்லிஸ் நீலப் பட்டியை அவிழ்த்தான். விரல் கணு வரைக்கும் கறுத்திருந்தது. நாற்றம் மூன்று மேசை தள்ளி உட்கார்ந்திருந்த லயலுக்கும் எட்டியது.

“நாளைக்கு நான் டாக்டர்கிட்டப் போறேன்,” என்றான் ஆர்லிஸ்.

எர்மெலிண்டா கோக் எழுந்து அவனிடம் போனாள். குவாத்தமாலாக்காரி, எட்டு வருஷமாக வரிசையில் லயலுக்குப் பக்கத்தில் நிற்பவள்.

“பன்னெண்டே நாள், ஆர்லிஸு. பொறுத்துக்கக் கூடாதா?”

“நான் பொறுப்பேன். வெரலு பொறுக்காது போலிருக்கு.”

“என் தோளு ரெண்டு வருஷமா பொறுக்குது. உன் வெரலு என்ன பெரிய எடத்துப் புள்ளையா?”

“நீ என்ன வேணா சொல்லிக்க. நான் போறேன்.”

அன்று மதியம் ஆர்லிஸை உறைபனி அறைக்கு இழுத்துப் போனார்கள். ஒன்பது பேர். உறைந்துபோன முழுக்கோழியை இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்தால், அது கோழி இல்லை, கதாயுதம். விலாவில் அடித்தார்கள், முதுகில் அடித்தார்கள். குப்புற விழுந்தவனைப் புரட்டிப் போட்டு வாயில் அடித்தார்கள். இரண்டு பல் தெறித்தது. எர்மெலிண்டா அழுதுகொண்டே அடித்தாள். கத்தியை யாரும் தொடவில்லை, தையல் போட வேண்டி வந்துவிடும் என்று அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது.

லயல் அடிக்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். “யாராச்சும் வராங்களா பாரு,” என்று அவனிடம் சொல்லியிருந்தார்கள். அவனும் பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே ஆர்லிஸ் அவன் பெயரைத்தான் சொல்லிக் கூப்பிட்டான், இரண்டு தடவை.

மறுநாள் காலைக் கூட்டத்தில் ப்ரெண்ட் கண்ணாடிக்கு அடியில் விரலை விட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பாதுகாப்புங்கறது மேலேருந்து வந்தா அது உத்தரவு. கீழேருந்து வந்தா அது பண்பாடு. நேத்து நம்ம தோழர்கள் அவங்களாவே பாதுகாப்பக் கையில எடுத்துக்கிட்டாங்க. இருபது வருஷமா இந்த வேலையில இருக்கேன், இப்படி ஒரு காட்சியப் பாத்ததில்ல. ஆர்லிஸுக்கு விலா எலும்புல கொஞ்சம் அசௌகரியம். விலா எலும்பு இருபத்து நாலுன்னாலும் கணக்குக்கு ஒரே உறுப்புதான்னு டார்லீன் முடிவு பண்ணியிருக்காங்க. ரெண்டு மாத்திரை குடுத்தாச்சு.”

வேலைக்கு வராவிட்டால் அதுவும் காயமாகிவிடும். அதனால் ஆலை வண்டி தினமும் ஆர்லிஸை வீட்டிலிருந்து தூக்கி வந்து, ப்ரெண்டின் அலுவலகத்தில் ஒரு நாற்காலியில் இறக்கியது. இலகுவான பணி என்று அதற்குப் பெயர். தொலைநகல் இயந்திரத்தில் தாள் வந்தால் எடுத்து வைக்க வேண்டும். காலையில் ஏணியில் ஏறி, ஒற்றைக் கையால் பலகையின் எண்ணை மாற்ற வேண்டும். லயல் ஒவ்வொரு நாளும் அந்த ஏணியைக் குனிந்த தலையோடு கடந்து போனான். குட் மார்னிங் சொல்லக்கூட வாய் வரவில்லை.

996ஆம் நாள் காலை, வீட்டுச் சமையலறைத் தொட்டியில் லயல் வாந்தி எடுத்தான். காபித்தூளைக் கரைத்த மாதிரிக் கறுப்பாக வந்தது. அவன் மனைவி நோரீன் பார்த்துவிட்டாள். இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவள். ஒரு நாளைக்கு அறுபது பிசாசுகளை அடக்கி உட்கார வைக்கிறவளிடம் ஒன்றும் ஒளிக்க முடியாது.

“இன்னிக்கு நீ காபியே குடிக்கல,” என்றாள்.

“ராத்திரி சாப்பிட்டது சேரல போல.”

“வெளிக்கி எப்படிப் போகுது?”

“இதெல்லாம் ஒரு கேள்வியா?”

“கறுப்பாப் போகுதா?”

லயல் குழாயைத் திறந்து தொட்டியைக் கழுவினான். நோரீன் அலமாரியைக் கிளறி, தன் முதுகுவலிக்கு எப்போதோ வாங்கிய மாத்திரைப் பெட்டியை எடுத்தாள். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பெட்டியைச் சன்னலருகே பிடித்து வாசித்தாள். வயிற்றில் ரத்தக்கசிவு ஏற்படலாம். ரத்த வாந்தியோ கறுப்பாக மலமோ போனால் உடனே மருத்துவரிடம் செல்லவும். ஒரு நாளைக்கு ஆறு மாத்திரைக்கு மேல் கூடாது. டாக்டரைக் கேட்காமல் பத்து நாளுக்கு மேல் சாப்பிடக் கூடாது.

“நீ எத்தன நாளா முழுங்கறே?”

“ஆயிரத்துக்கு நாலு கொறச்சல்.”

“ஒரு நாளைக்கு எத்தன?”

“எட்டு. குளிர் நாள்ல பத்து.”

நோரீன் பெட்டியை மேசையில் வைத்தாள். “வண்டில ஏறு.”

“நாலு நாள், நோரீன்.”

“ஏறுங்கறேன்ல.”

“ஆர்லிஸு டாக்டர்ட்டப் போறேன்னான். அவன வெச்சு மொத்துனாங்க. நான் கதவப் பிடிச்சிட்டு நின்னேன்.” லயல் நாற்காலியில் உட்கார்ந்தான். “என் பேரச் சொல்லிக் கூப்பிட்டான். நான் தொறக்கல. இப்ப நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு டாக்டர்ட்டப் போவேன்?”

நோரீன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். “வெக்கமா இல்லையா உனக்கு?”

“இருக்கு. அதான் போகல.”

“சரி. நாலே நாள். ஆயிரம் ஆன நிமிஷம் நான் கேட்டுல நிப்பேன். வரலேன்னா உள்ள வந்து காதப் பிடிச்சு இழுத்திட்டு வருவேன்.”

998ஆம் நாள் வரிசையில் நின்றிருந்தபோது லயலுக்குக் கண் இருட்டியது. கத்தி நழுவி முன்கையைக் கீறியது. டார்லீன் முன்னால் போய் உட்கார்ந்து, வாந்தியைப் பற்றியும் மற்றதைப் பற்றியும் சொன்னான்.

“எனக்கு ஒண்ணும் பண்ண வேணாம். என்ன நடந்துச்சுன்னு எழுதி மட்டும் வை, டார்லீன். அது போதும்.”

“எழுதினா நடந்ததா ஆயிடுமே, லயல்.”

“நடந்ததுதானே.”

டார்லீன் ப்ரெண்டைக் கூப்பிட்டாள். ப்ரெண்ட் வந்து லயலின் முழங்காலில் கை வைத்து உட்கார்ந்தார்.

“லயல், உன்ன என் சகோதரனா நெனச்சுச் சொல்றேன். வலிங்கறது அவங்கவங்க அபிப்பிராயம். காயங்கறது ஆவணம். ஆலை உன் கைய வேலைக்கு எடுத்துச்சு. தோள எடுத்துச்சு, அதையும் ஒத்துக்கறேன். வயித்த யாரு எடுத்தா? வயிறு உன் சொந்த சொத்து. அது உன்னோட வீட்லேருந்து வருது, சாயங்காலம் வீட்டுக்குப் போகுது. அதுக்குள்ள நாங்க தலையிட்டா அது நாகரிகமா?”

“அந்த மாத்திரைதான் சார் வயித்த ஓட்ட போடுதாம். பெட்டியில போட்டிருக்கு.”

“எங்க ஜாடியில அப்படி ஒண்ணும் போடலியே.” ப்ரெண்ட் எழுந்தார். “இவ்வளவு வலியிலயும் வேலைக்கு வர்றே பாரு, இந்த மனசுதான் வேணும். ஆயிரமாவது நாள் மேடையில எண்ணை மாத்தப் போறது நீதான். டார்லீன், வயித்துக்கு ரெண்டு குடுங்க.”

வயிற்றுக்கு இரண்டு கொடுத்தார்கள். லயலும் வாங்கி விழுங்கினான். ஆயிரம் நாள் பழக்கம் அவனை விடவில்லை.

ஆயிரமாவது நாள் காலை வண்டி நிறுத்துமிடத்தில், வாசல் பலகையை ஒட்டி மேடை போட்டிருந்தார்கள். பள்ளிக்கூட பாண்டு வாத்தியம் வந்திருந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து துணைத்தலைவர் ஹோல்ஸ்க்ளா பறந்து வந்திருந்தார். முன்னூற்றுப் பன்னிரண்டு பேரும் வெள்ளை ஜெர்கின் போட்டு நின்றார்கள். மணிக்கட்டு வளையாமல் பாதிப் பேர் ஜிப்பை இழுக்க முடியாமல் திறந்தே விட்டிருந்தார்கள். கேட்டுக்கு வெளியே மஞ்சள் பள்ளிக்கூட பஸ் ஒன்று இன்ஜினை அணைக்காமல் நின்றது.

ஹோல்ஸ்க்ளா ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“ஆயிரம் நாளா இங்க ஒருத்தருக்கும் ஒரு கீறல்கூட இல்ல. எப்படித் தெரியும்னு கேப்பீங்க. விபத்துப் பதிவேட்டுக்கு ஒரே ஒரு தாள்தான் அச்சடிச்சோம். அந்த ஒரு தாளும் காலியா இருக்கு. ரெண்டாவது தாளுக்கு அவசியமே இருக்காதுன்னு அன்னிக்கே எனக்கு நம்பிக்கை இருந்துச்சு. மத்த ஆலைக்காரங்க என்னக் கேக்கறாங்க, கத்தி இருக்கற எடத்துல காயம் எப்படி இல்லாம இருக்கும்னு. நான் சொன்னேன், கத்திய எங்களால தடுக்க முடியாது, எழுத்தத் தடுக்கலாம்.”

கை தட்டினார்கள். தட்ட முடிந்தவர்கள் தட்டினார்கள். கறுத்த விரல் போக மிச்ச ஒன்பது விரலால் ஆர்லிஸ் ஏணியைப் பிடித்துக்கொள்ள, லயல் ஏறினான். 999இன் மூன்று ஒன்பதுகளையும் கழற்றினான். ஒன்றை மாட்டினான், ஒரு பூஜ்யத்தை மாட்டினான், இன்னொன்றை மாட்டினான். கடைசிப் பூஜ்யத்தைக் கையில் எடுத்தபோது அடிவயிற்றில் யாரோ கத்தியைச் செருகித் திருப்பிய மாதிரி இருந்தது. அவன் வாயைத் திறந்தான்.

இந்தத் தடவை கறுப்பாக வரவில்லை. செக்கச்செவேலென்று வந்தது. பலகையில் அடித்து, ஏணியில் வழிந்து, ஆர்லிஸின் தலையை நனைத்து, முதல் மூன்று வரிசை வெள்ளை ஜெர்கின்கள் மேலும் தெறித்தது. துணைத்தலைவரின் டை நனைந்தது. லயல் ஏணியிலிருந்து சரிந்து மேடையில் விழுந்தான். விழுந்த பிறகும் வாய் வழியாக வந்துகொண்டே இருந்தது. பாண்டு வாத்தியக்காரர்கள் இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து ஊதிக்கொண்டிருந்தார்கள்.

ப்ரெண்ட் ஒலிவாங்கியைப் பிடுங்கினார். “யாரும் பதற வேண்டாம். கோழி ரத்தம்தான். கோழி ஆலையில கோழி ரத்தம் இருக்கும். குழாயக் கொண்டாங்கப்பா.”

குழாயை எடுக்க யாரும் நகரவில்லை. எர்மெலிண்டாதான் முதலில் மேடையில் ஏறினாள். ஜெர்கினைக் கழற்றி லயலின் தலைக்கு அடியில் திணித்தாள். ஆர்லிஸ் கால் பக்கம் குனிந்தான். அவனுக்கு விலா இன்னும் கூடவில்லை, குனியும்போது முனகினான். இருவரும் லயலைத் தூக்கினார்கள். ப்ரெண்ட் வழியில் வந்து நின்றார்.

“எங்க தூக்கிட்டுப் போறீங்க? டார்லீன் இருக்காங்கல்ல? ஆர்லிஸ், உனக்கு இலகுவான பணிதான குடுத்திருக்கு, ஆளத் தூக்கலாமா?”

ஆர்லிஸ் நிற்கவில்லை. அவன் காதில் லயல் என்னவோ சொன்னான். “கதவு,” என்று மட்டும் கேட்டது.

“தெரியும். பேசாம வா,” என்றான் ஆர்லிஸ்.

பஸ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நோரீன் நின்றாள்.

மருத்துவமனையில் ஏழு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். வயிற்றில் கட்டைவிரல் போகிற அளவுக்கு ஓட்டை இருந்ததாம். மூன்று மணி நேரம் அறுத்துத் தைத்தார்கள். பிழைப்பான் என்று மறுநாள்தான் சொன்னார்கள். அதற்குப் பிறகும் நோரீன் நாற்காலியில் உட்காரவே இல்லை.

1003ஆம் நாள் ப்ரெண்டும் டார்லீனும் பூங்கொத்தோடு வந்தார்கள். பூங்கொத்துக்கு நடுவில் ஒரு தாள் செருகியிருந்தது. ப்ரெண்ட் அதை உருவி, லயலின் மார்பில் விரித்தார்.

“ஒரு கையெழுத்துதான். சும்மா சம்பிரதாயம். ‘நான் என் சொந்த விருப்பத்தில் மாத்திரை தின்றேன். ரத்தம் வந்தது மாத்திரையின் பின்விளைவு. ஆலையின் பின்விளைவு அல்ல.’ உண்மையத்தான எழுதியிருக்கு? உன்ன யாராச்சும் கையக் கட்டி வாயில போட்டாங்களா? கைப்பிடியத் திருகினது யாரு?”

“நான்தான்,” என்றான் லயல் மெல்லிய குரலில். “ஆனா எழுதறதுன்னா முழுசா எழுதுங்க சார். மணிக்கட்டுலேருந்து எழுதுங்க.”

“மணிக்கட்டுக்கு என்ன? இந்தா பேனா.”

லயல் பேனாவைப் பிடித்தான். விரல்கள் மடங்கவில்லை. பேனா நழுவிப் போர்வையில் விழுந்தது. எடுத்துக் கொடுத்தார்கள், மறுபடியும் விழுந்தது.

டார்லீன் மனசில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அவள் கை தானாகக் கோட்டுப் பைக்குள் போனது. குப்பியைக் குலுக்கினாள்.

“மணிக்கட்டு வலிக்குதா, லயல்? மணிக்கட்டுக்கு ரெண்டு போட்டுக்க. அப்புறம் கையெழுத்துப் போடலாம்.”

“குடுங்க, குடுங்க,” என்றார் ப்ரெண்ட்.

நோரீன் சன்னலோரமாக நின்றிருந்தாள். இரண்டே எட்டில் வந்தாள். இருபத்திரண்டு வருஷம் பஸ் கியரைப் போட்டுப் பழகிய வலது கை அது. ஒரே குத்துதான். உடையவே உடையாது என்று ஆலை உத்தரவாதம் கொடுத்திருந்த பாதுகாப்புக் கண்ணாடி நடுவில் பிளந்து ப்ரெண்டின் புருவத்தில் இறங்கியது. மூக்கு ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது. அவர் பூங்கொத்தின் மேல் உட்கார்ந்தார். முகத்திலிருந்து ரத்தம் கொட்டித் தாளை நனைத்தது.

சத்தம் கேட்டு டாக்டர் ஆன்ஸ்லி ஓடிவந்தாள். புருவத்தைப் பார்த்தாள். “தையல் போடணும்.”

“தையல் வேணாம்,” என்று ப்ரெண்ட் அலறினார். “தயவுசெஞ்சு தையல் மட்டும் வேணாம் டாக்டர். ஒரு கட்டுப் போடுங்க. நீலப் பட்டி இருக்கா? ரெண்டு மாத்திரை குடுங்க, சரியாயிடும்.”

டாக்டர் பஞ்சை வைத்து அழுத்தினாள். பத்து நிமிஷம் அழுத்தினாள். பஞ்சுதான் மாறிக்கொண்டிருந்தது, ரத்தம் நிற்கவில்லை.

“இப்படி நிக்காம வருதே. ஏதாச்சும் மாத்திரை சாப்பிடறீங்களா?”

ப்ரெண்ட் இல்லை என்று தலையாட்டினார். டார்லீனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. “தலைவலிக்கு ரெண்டு. கழுத்துக்கு ரெண்டு. ஆயிரமாவது நாள் கவலைக்கு ரெண்டு. நேத்துலேருந்து அது நாலு.”

“கவலை எந்த உறுப்பு?” என்று கேட்டாள் டாக்டர்.

“அத இன்னும் முடிவு பண்ணல.”

எட்டுத் தையல் போட்டார்கள். நான்கு பேர் அவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. டாக்டர் சீட்டு எழுதினாள். பிறகு படிவத்தை எடுத்து, “வேலை நேரத்துல பட்டதா?” என்று கேட்டாள்.

“இல்ல. நான் லீவுல இருக்கேன்.”

“கழுத்துல அடையாள அட்டை தொங்குதே. கையில ஆலை வண்டிச் சாவி. வேலை நேரம்னே எழுதிக்கறேன். தொலைநகல் எந்த எண்ணுக்கு அனுப்பணும்?”

டார்லீன் எண்ணைச் சொன்னாள். கேட்டால் சொல்லிவிடுவாள், அவள் சுபாவம் அது.

மத்தியானம் எர்மெலிண்டா போன் பண்ணினாள். நோரீன் போனை லயலின் காதருகே பிடித்தாள். பின்னால் ஒரே இரைச்சலாக இருந்தது, ஆனால் இயந்திரங்களின் இரைச்சல் இல்லை.

“லயல், பலகையில முட்டை போட்டாச்சு. தொலைநகலு வந்தப்ப ஆபீஸ்ல ஆர்லிஸு மட்டும்தான் இருந்தான். புத்தகத்துல என்ன போட்டிருக்கோ அத அப்படியே செஞ்சான். பதிவேட்டுல மொத வரியில ப்ரெண்டு பேர எழுதினான். புருவம், எட்டுத் தையல்னு. அப்புறம் ஏணியில ஏறி ஆயிரத்து மூணக் கழட்டிட்டான்.”

“ஆயிரத்து மூணு நாளும் போச்சு,” என்றான் லயல். “எழுதினதும் அந்தாளு பேரத்தான்.”

“முழுசாக் கேளு. ஏணிலேருந்து எறங்கி மறுபடி பதிவேட்டுக்கு முன்னாடி உக்காந்தான். பலகைதான் முட்டையாயிடுச்சே, இனிமே என்ன போயிடப் போகுதுன்னு சொன்னான். ரெண்டாவது வரியில உன் பேர எழுதினான். மணிக்கட்டுலேருந்து ஆரம்பிச்சு வயிறு வரைக்கும். மூணாவது வரியில அவன் பேரு. வெரலு, பல்லு, விலா எலும்பு. விலாவ ஒவ்வொண்ணா எண்ணி எழுதினான். யாரு அடிச்சாங்கன்னு ஒரு எடம் இருக்கு அதுல. என் பேரப் போடுன்னு நானே சொன்னேன். கதவப் பிடிச்சவன்னு உன் பேரும் இருக்கு.”

“போடட்டும்,” என்றான் லயல். கண்ணிலிருந்து வழிந்தது காதுக்குள் இறங்கியது. “அது இருக்க வேண்டியதுதான்.”

“இப்ப லைன நிறுத்திட்டு அத்தன பேரும் ஆபீஸ் வாசல்ல வரிசையா நிக்கறோம். கொக்கிக்காரன் எனக்கு முன்னாடி. ஒரு தாள்தான இருந்துச்சு, அது பத்தொம்பதாவது ஆளோட தீந்துபோச்சு. இப்ப ஆர்லிஸு ஜெர்கின விரிச்சு உள்பக்கத்துல எழுதிட்டிருக்கான். துணி வெள்ளைங்கறதால நல்லாத் தெரியுது.”

“டார்லீன் வந்துட்டாளா?”

“வந்துட்டா. ஜாடியத் தூக்கிட்டு வரிசை நெடுக வர்றா. ரொம்ப நேரம் நின்னா கால் வலிக்குமே, காலுக்கு ரெண்டுங்கறா.”

“யாராச்சும் வாங்கினாங்களா?”

எர்மெலிண்டா திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். “ஆறேழு பேரு வாங்கிட்டாங்க. பழக்கம்,” என்றாள்.

போனை வைத்த பிறகு நோரீன் கட்டிலோரத்தில் உட்கார்ந்தாள். மூன்று நாளில் அப்போதுதான் உட்கார்ந்தாள். அவள் வலது கை மணிக்கட்டு வரை வீங்கி, தோல் மினுமினுத்தது. லயல் அதைத் தன் மடங்காத விரல்களால் தொட்டுப் பார்த்தான். சொட்டு மருந்தை மாற்ற வந்த நர்ஸ், உண்மையான நர்ஸ், நின்று அதைக் கவனித்தாள்.

“ரொம்ப வலிக்குமே. ஏதாச்சும் தரட்டுமா?”

“ஐஸ் இருந்தாக் குடு,” என்றாள் நோரீன். “அப்புறம் இதையும் எங்கயாச்சும் எழுதி வை.”